பாதிப் பணத்துக்கு முழுப் பத்திரம் எழுதித் தரலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 68. கணவர் இல்லை. திருச்சியில் என் பெயரில் உள்ள வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுப் பக்கமாக ஓர் அடுக்ககம் வாங்கிக் குடியேற நினைக்கிறேன். மாடியில் நான் இருக்கிறேன். கீழ்ப்பகுதியில் எட்டு வருடமாகக் குடியிருப்பவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மாதம் 14,000 ரூபாய் வாடகையை ஒருமுறைகூடத் தவறாமல் ஐந்தாம் தேதி கொண்டுவந்து தருபவர். அவரே வீட்டை 90 லட்சத்துக்குக் கேட்கிறார். வங்கியில் கடன் கிடைக்கவில்லையாம். 30 லட்சம் இப்போது, மீதி 60 லட்சம் மாதம் ஒரு லட்சம் வீதம் ஐந்து வருடத்தில் என்கிறார். அதற்கு 60 காசோலைகளும் ஒரு புரோ நோட்டும் தருகிறார். பத்திரத்தை உடனே எழுதித் தர வேண்டும், பத்திரத்தில் 50 லட்சம் என்று போட்டால் போதும் என்கிறார். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதியர் கடன் ஒப்புதலோடு 82 லட்சத்துக்குக் கேட்டார்கள். எட்டு லட்சம் குறைகிறதே என்று யோசிக்கிறேன். "தெரிந்த பையன், தைரியமாகக் கொடுங்கள் அண்ணி" என்கிறார் என் கொழுந்தனார். அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கும் மகன், விற்பவரே தவணை கொடுப்பது அங்கே சகஜம் என்கிறான். வரும் 27-ம் தேதி பதிவுக்கு டோக்கன் வாங்கிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

டீச்சர், வணக்கம்.

முதல் வேலையாக அந்த 27-ம் தேதி டோக்கனை ரத்து செய்யச் சொல்லிவிடுங்கள். பிறகு நிதானமாக மற்றதைப் பேசலாம். ஐந்து வருடத்தில் பணம் தரப்போகிறவருக்குப் பத்து நாளில் பத்திரம் வேண்டும் என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் குடித்தனக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் 14,000 ரூபாயை எட்டு வருடம் ஒழுங்காகக் கொடுத்தவர் மாதம் ஒரு லட்சத்தையும் அப்படியே கொடுத்துவிடுவார் என்பதற்கு அந்த எட்டு வருடம் சாட்சி ஆகாது. ஏழு மடங்குக்கு மேல். பாத்திரக்கடையில் கல்யாண மாதம் ஒரு மாதிரி, மார்கழி வேறு மாதிரி. வங்கி அவருக்கு ஏன் கடன் தரவில்லை என்று கேட்டீர்களா? வருமான வரிக் கணக்கில் வருமானம் குறைவாகக் காட்டியிருக்கலாம். வியாபாரிகளில் பலர் அப்படித்தான். பழைய கடன் பாக்கி ஏதாவது, கடன் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறியிருக்கலாம். முதல் காரணம் என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டாவது என்றால், வீடுகளின் மேல் கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் பார்த்துப் பயந்து ஒதுங்கிய இடத்தில் நீங்கள் காலை வைக்கிறீர்கள். வங்கி மறுத்த கடனைத்தான் உங்களிடம் கேட்கிறார். அதற்கு வீடு விற்பனை என்று பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவே. மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், முழு சிபில் அறிக்கை ஆகிய நான்கையும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வங்கியில் கேட்டபோது கொடுத்திருப்பார்தானே.

அடுத்தது அந்த எட்டு லட்சம். அதுதான் உங்களை இழுக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. 90 லட்சத்தையும் 82 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் ஐந்தாம் வருடக் கடைசியில் வரும் ஒரு லட்சமும் இன்று கையில் விழும் ஒரு லட்சமும் ஒன்றல்ல. வைப்புத்தொகைக்கு 7 சதவீத வட்டி கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மாதம் ஒரு லட்சமாக 60 மாதம் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 50.5 லட்சம்தான். அதோடு கையில் வரும் 30 லட்சத்தைச் சேர்த்தால் 80.5 லட்சம். வங்கித் தம்பதியர் சொன்னது 82. ஆக, ஒரு தவணைகூடத் தவறாமல் வந்தாலே உங்களுக்கு ஒன்றரை லட்சம் நஷ்டம். தவறினால் எவ்வளவு என்று கணக்குப் போட என்னிடம் வாய்ப்பாடு இல்லை. நீங்கள் கணக்கு டீச்சரா என்று எழுதவில்லை. இருந்தால் மன்னிக்கவும், நீங்களே போட்டுப் பார்த்திருக்கலாம்.

இனி பத்திரத்துக்கு வருவோம். ஆபத்து முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பத்திர எழுத்தர்கள் வைத்திருக்கும் வழக்கமான வாசகம் ஒன்று உண்டு. "மேற்படி கிரயத்தொகை முழுவதையும் தங்களிடமிருந்து நான் பெற்றுக்கொண்டு, கீழ்க்கண்ட சொத்தைத் தங்களுக்குச் சுத்தக் கிரயம் செய்து சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டேன்." சுவாதீனம் என்றால் சொத்தைக் கைவசம் வைத்திருப்பது. கணினியில் பெயரும் தொகையும் மட்டும் மாறும், இந்த வரி மாறாது. 27-ம் தேதி நீங்கள் போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் பத்திரத்தை அவசரமாக ஒருமுறை படித்துக் காட்டுவார்கள். டோக்கன் எண் கூப்பிடுவார்கள். உள்ளே போனதும் புகைப்படம், கைரேகை. சார்பதிவாளர் தலையை நிமிர்த்தி, "பணம் முழுவதும் வந்துவிட்டதாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்பார். பக்கத்தில் வாங்குபவர் நிற்பார், கொழுந்தனார் நிற்பார், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். அந்தத் தலையாட்டலுக்கு விலை 60 லட்சம்.

ஏன் என்று சொல்கிறேன். 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், விலை முழுவதும் கொடுத்தால்தான் விற்பனை என்று சொல்லவில்லை. கொடுத்த விலை, கொடுப்பதாகச் சொன்ன விலை, பாதி கொடுத்துப் பாதி வாக்களித்த விலை எல்லாமே விற்பனைதான். பத்திரம் பதிவானால் வீடு அவருடையது. மீதிப் பணம் வரவில்லை என்பதற்காக வீடு திரும்ப உங்களுடையதாகிவிடாது. நீங்கள் தனியாகப் போய் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் முடியாது.

இதில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்ன ஒரு தீர்ப்பை விற்பவர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குஜராத்து வழக்கு. 2009-ல் நிலத்தை ஏறக்குறைய 1 கோடியே 74 லட்சத்துக்கு விற்ற விவசாயக் குடும்பம் அது. 36 காசோலைகள் தரப்பட்டதாகப் பத்திரம் சொன்னது. தங்கள் கைக்குப் பணமாக வந்தவை ஆறுதான், மொத்தமே 40,000 ரூபாய் என்பது விற்றவர்களின் புகார். 2014-ல் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட்டார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், விலை முழுவதும் வராதது பத்திரத்தை ரத்து செய்யக் காரணம் ஆகாது, பாக்கியை வசூலிக்க வேறு வழி தேடலாம், ரத்துக் கேட்க மூன்று வருடக் கெடுவும் தாண்டிவிட்டது என்று சொல்லி, விசாரணைக்கே எடுக்காமல் மனு நிராகரிக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பத்திரத்தில் முழுப் பணமும் வந்ததாக எழுதியிருந்ததும் அவர்களுக்கு எதிராகவே நின்றது.

சட்டம் விற்பவரை அப்படியே கைவிட்டுவிடவில்லை. அதே 1882-ம் ஆண்டுச் சட்டத்தின் 55-வது பிரிவு, விலை பாக்கி இருந்தால் அந்தப் பாக்கிக்கு விற்ற சொத்தின் மேலேயே ஒரு பொறுப்பு உண்டு என்கிறது. பாக்கித் தொகை அந்தச் சொத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். பணம் வராவிட்டால் நீதிமன்றம் மூலம் அந்தச் சொத்தை விற்று எடுத்துக்கொள்ளலாம். இதற்கு 12 வருடக் கெடு. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. உங்கள் பாக்கி பற்றித் தெரியாமல், பணம் கொடுத்து அந்தச் சொத்தை வாங்கியவரிடமோ அடமானம் பிடித்தவரிடமோ இது செல்லாது. பத்திரத்தில் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால், அடுத்து வருபவருக்கு உங்கள் பாக்கி எப்படித் தெரியும்?

என்னிடம் வந்த ஒருவர் கதை இது. ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். மஞ்சள் பையிலிருந்து ரப்பர் பட்டை போட்ட காசோலைக் கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்ணிப் பார்த்தேன், 22. முதல் ஐந்து பணமாகிவிட்டதாம், ஆறாவது திரும்பியிருந்தது. அவருக்கு என்னிடம் வேண்டியிருந்தது செக் மோசடி வழக்கு. சொத்தின் மேல் பதிவான பத்திரங்களை வரிசையாகக் காட்டும் வில்லங்கச் சான்றை நான் போட்டுப் பார்த்தேன். அவருடைய கிரயப் பத்திரத்துக்கு அடுத்த வரியிலேயே, 40 நாள் கழித்து ஒரு வங்கிக்குப் போட்டுக்கொடுத்த ஈட்டுப் பத்திரம் பதிவாகியிருந்தது. வாங்கியவர் இவர் வீட்டை வைத்துத் தன் வியாபாரத்துக்குக் கடன் வாங்கிவிட்டார். வங்கி மூலப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறது. பாக்கி என்று எங்குமே ஒரு சொல் இல்லை. அந்தப் பெரியவர் சான்றின் அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "ரிஜிஸ்தர் ஆபீசில் கேட்டபோது நான்தான் ஆமாம் என்றேன்" என்றார்.

இப்போது உங்கள் குடித்தனக்காரர் சொல்லும் 50 லட்சத்தைப் பாருங்கள். முப்பதுதான் தருகிறார், ஐம்பதும் பெற்றுக்கொண்டதாக எழுதச் சொல்கிறார், விலையோ தொண்ணூறு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்தைக் குறைத்துக் காட்டினால் அவருக்கு மிச்சம் 3 லட்சத்து 60 ஆயிரம். அதற்காக நீங்கள் 60 லட்சத்தின் பிடியை விடுகிறீர்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போடுவது ஊர் வழக்கம் என்பார்கள். உண்மையான விலையை மறைத்துப் பதிவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாக்கி வைத்துக்கொண்டு அப்படிப் பதிவது முட்டாள்தனமும்கூட.

மீதிக்குப் புரோ நோட்டு என்கிறார். கேட்டவுடன் தர வேண்டிய புரோ நோட்டின் ஆயுள், எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம். உங்கள் தவணை ஐந்து வருடம். பின்னால் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டே வந்தால் கெடு நீளும். அதை நினைவாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. வீட்டு விலை பாக்கி என்பதைப் பத்திரத்தில் மறைத்துவிட்டால், அந்த 60 லட்சம் காகிதத்தில் கைக்கடனாகத்தான் நிற்கும். நாளை வழக்கு என்று வந்தால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கூண்டில் உங்களைப் பார்த்து முதலில் கேட்கும் கேள்வி: "ஓய்வூதியம் வாங்கும் உங்களிடம் கடன் கொடுக்க 60 லட்சம் ஏது?" காசோலை வழக்குகளில் தினமும் கேட்கப்படும் கேள்வி அது. இதே கேள்வியை வருமான வரித் துறையும் கேட்கலாம்.

60 காசோலைகள் பற்றியும் ஒரு வார்த்தை. காசோலை திரும்பினால் ஆளை உள்ளே வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் ஊரில் பலமாக இருக்கிறது. சட்டம் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது, உண்மைதான். ஆனால் காசோலையை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு காசோலைக்கும் இந்தக் கெடு தனித்தனி. கோயம்புத்தூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்க நினைக்கும் நீங்கள் மாதாமாதம் இதைச் செய்துகொண்டிருக்கப் போகிறீர்களா? காசோலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி வீட்டைக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

பத்திரத்தை இப்போது எழுதாமல், கிரய உடன்படிக்கை மட்டும் போட்டுக்கொண்டு பணம் முழுவதும் வந்தபின் பத்திரம் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். அது ஓரளவு நல்ல யோசனை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்ய வேண்டும். வீடு உங்கள் பெயரிலேயே நிற்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. வாங்குபவர் வெளியாள் அல்ல, ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவர்.

நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் 2000-ல் தீர்ப்பு வந்தது. வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்கே வீட்டை விற்க உடன்படிக்கை போட்டு, விலையில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டார். பிறகு வாடகை தரவில்லை என்று காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். அந்த உடன்படிக்கையோடு வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்ற உறவே முடிந்துபோய்விட்டது, இனி வாடகைச் சட்டத்தின் கீழ் காலி செய்யச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உடன்படிக்கையின் வாசகம் அப்படி. உங்கள் உடன்படிக்கையிலும் "சுவாதீனம் ஏற்கெனவே தங்களிடம் உள்ளது" என்று பத்திர எழுத்தர் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். தவணையும் நிற்கும், வாடகையும் நிற்கும், அவர் கீழ்வீட்டில் இருப்பார். வாங்குபவர் என்ற முறையில் சுவாதீனத்தில் இருக்கிறேன் என்று, பதிவான உடன்படிக்கையைக் காட்டிச் சட்டப் பாதுகாப்பும் கேட்பார்.

ஆகவே உடன்படிக்கை வழியில் போவதாக இருந்தால், அவர் கீழ்ப்பகுதியில் இருப்பது குடித்தனக்காரராக மட்டுமே, கிரயப் பத்திரம் பதிவாகும் நாள்வரை வாடகை தொடரும், இந்த உடன்படிக்கையால் சுவாதீனம் எதுவும் மாறவில்லை என்று தெளிவாக எழுத வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைத் தனியாகப் புதுப்பித்து, 2017-ம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டப்படி அதைப் பதிவும் செய்துவிடுங்கள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு துண்டுத்தாளில் எழுதியது போதாது. வாடகையையும் தவணையையும் ஒரே தொகையாக வாங்காதீர்கள்.

காலத்தையும் சுருக்குங்கள். ஐந்து வருட உடன்படிக்கை என்பது ஐந்து வருடம் வீட்டைக் கட்டிப்போடுவது. வில்லங்கச் சான்றில் அது ஏறிவிடும். அவர் கையெழுத்து இல்லாமல் அதை ரத்து செய்து பதிவதும் எளிதல்ல. அதோடு வேறொருவர் வாங்க வரமாட்டார். அவர் பணம் கட்டாமல் இழுத்தடித்துவிட்டு, உடன்படிக்கைப்படி பத்திரம் எழுதித் தரச் சொல்லி உங்கள்மேலேயே வழக்குப் போடவும் கூடும். மதுரை நகரத்து வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில், சிறு முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டரை வருடம் சும்மா இருந்தவருக்கு வீட்டைக் கொடுக்க உச்ச நீதிமன்றம் 1997-ல் மறுத்தது. அது விற்பவர்களுக்குப் பெரிய தெம்பாக இருந்தது. 2018 அக்டோபர் முதல் சட்டம் மாறிவிட்டது. உடன்படிக்கையை நிறைவேற்றச் சொல்வது இப்போது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, பெரும்பாலும் கட்டாயம். அதனால் கெடுவைத் தாண்டி வரும் தவணைகளை "போகட்டும்" என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நாலு முறை அப்படி வாங்கினால், கெடு முக்கியம் என்று எழுதிய வரிக்கு மதிப்பு இல்லாமல் போய்விடும். தாமதமாக வந்ததை வாங்கும் ஒவ்வொரு முறையும், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு கடிதமாவது போக வேண்டும்.

உடன்படிக்கையோடு பவர் பத்திரமும் கொடுங்கள் என்று கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அதை வைத்து அவர் உங்களைக் கேட்காமலே வீட்டை மூன்றாமவருக்கு விற்கலாம்.

பத்திரத்தை இப்போதே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பத்திரத்தில் உண்மை விலை 90 லட்சம், வந்தது 30, பாக்கி 60, இன்னின்ன தேதியில் இவ்வளவு, அதுவரை பாக்கித் தொகைக்குச் சொத்தின் மேல் பொறுப்பு உண்டு என்று எழுத வேண்டும். அதே நாளில், அடுத்த எண்ணிலேயே, அவர் உங்களுக்கு 60 லட்சத்துக்கு அடமானப் பத்திரம் ஒன்றை எழுதிப் பதிந்து தர வேண்டும். சுவாதீனமில்லாத சாதாரண அடமானம் போதும். கிரயப் பத்திரத்தோடு பார்த்தால் செலவு சொற்பம், அதையும் அவர்தான் ஏற்க வேண்டும். மூலப்பத்திரங்களும் புதுப் பத்திரமும் பாக்கி தீரும்வரை உங்களிடம் இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற நிபந்தனை, பாக்கிக்கு வட்டி, வீட்டுவரி கட்டிய ரசீது வருடாவருடம், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாக்கியை அடைக்க ஓர் ஆயுள் காப்பீடு. கடை அவர் ஒருவர் தலையில் ஓடுகிறது, மறக்காதீர்கள். இதெல்லாம் இருந்தால் எந்த வங்கி வில்லங்கச் சான்று போட்டாலும் உங்கள் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

இவ்வளவு செய்தாலும், பணம் நின்றுபோனால் நீங்கள் நீதிமன்றப் படி ஏறித்தான் ஆக வேண்டும். வங்கிகளுக்கு நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற 2002-ல் தனிச் சட்டம் வந்தது. உங்களுக்கு அது கிடையாது. வழக்கு, முதல்நிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை, அதன்பின் நிறைவேற்று மனு என்று போகும். எத்தனை வாய்தா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் மகன் சொல்வது தவறல்ல. அவர் இருக்கும் டெக்சாஸில் விற்பவர் தவணை கொடுப்பது பழகிய முறைதான். ஆனால் அங்கே தவணை தவறினால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நீதிமன்ற வழக்கு இல்லாமலே வீட்டை ஏலத்தில் விட்டுவிடலாம். பத்திரத்தில் அதற்கென்றே ஒரு பொறுப்பாளரை நியமித்திருப்பார்கள். வரியும் பெரும்பாலும் பணம் வர வரக் கட்டினால் போதும். இங்கே இரண்டுமே வேறு.

வரி விஷயம் கொஞ்சம் கசப்பு. நம் சட்டத்தில் வீடு கைமாறிய வருடத்திலேயே முழு விலைக்கும் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும். பணம் ஐந்து வருடத்தில் வருகிறது என்பது கணக்கில் வராது. உதாரணத்துக்கு, வீட்டின் 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 லட்சத்தில் ஆதாயம் 80 லட்சம், 12.5 சதவீதம் வரி 10 லட்சம், அதன்மேல் கூடுதல் தீர்வை. கைக்கு வந்த 30 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய முறையிலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். கணக்காளரைப் போடச் சொல்லுங்கள். வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு, ஆனால் விற்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வாங்க வேண்டும். அதற்குள் உங்களுக்கு வந்திருக்கக்கூடியது 54 லட்சம். கோயம்புத்தூரில் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அடுக்ககத்துக்கு அது போதுமா? விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால், வாங்குபவர் ஒவ்வொரு தவணையிலும் ஒரு சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். வீட்டு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

வயதைப் பற்றிப் பேசுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தவணை முடியும்போது உங்களுக்கு 73. இடையில் ஏதாவது என்றால், உடன்படிக்கை வழியில் பத்திரம் எழுதித் தர உங்கள் மகனும் மகளும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மகன் டல்லாஸிலிருந்து வர வேண்டும் அல்லது அங்கே தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அதிகார ஆவணம் அனுப்ப வேண்டும். வாங்குபவரிடம் பணம் தயாராக இருந்து, நம் பக்கத்தில் கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் நின்ற வழக்குகளும் என் அலமாரியில் இருக்கின்றன.

என் யோசனை, வங்கித் தம்பதியரை மீண்டும் கூப்பிடுங்கள் என்பதுதான். 82-க்கு மேல் ஒன்றோ இரண்டோ ஏறுவார்களா என்று பேசிப் பாருங்கள். அவர்கள் கடன் தொகை பதிவு நாளில் வங்கி வரைவோலையாக உங்கள் கைக்கே வரும். வரைவோலையை வாங்கிப் பார்த்தபிறகு சார்பதிவாளர் முன் தாராளமாகத் தலையை ஆட்டலாம். குடித்தனக்காரரோடு வீடு கொடுக்கிறீர்களா, காலி செய்து கொடுக்கிறீர்களா என்பதை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பாத்திரக்கடைக்காரருக்கும் கதவை அடைக்க வேண்டாம். கணக்கு வழக்கை ஒழுங்காகக் காட்டி, அவரால் முடிந்த அளவு வங்கிக் கடன் வாங்கட்டும். மீதியைத் திரட்ட ஆறு மாதமோ எட்டு மாதமோ கொடுங்கள், பதிவான உடன்படிக்கையில். அதற்கும் வரமாட்டேன், இப்போதே பத்திரம் வேண்டும் என்றால், உண்மை விலையும் அடமானப் பத்திரமும் என்று கொழுந்தனாரை வைத்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். சம்மதித்தால் இரண்டு பத்திரங்களின் வரைவையும், மூலப்பத்திரத்தின் நகலையும், கடந்த 30 வருட வில்லங்கச் சான்றையும் எனக்கு அனுப்புங்கள். கிரயத்தொகை பற்றிய பத்தியை நானே எழுதித் தருகிறேன்.